ஐப்பசிக்கு முன்னாடி ஒரு தடவை மாடிக்கு ஏறிப் பாருங்க!

புரட்டாசி முடியப் போகுதுன்னா வேதாரண்யம் பக்கத்து வீடுகளில் எல்லார் கண்ணும் தலைக்கு மேலே போயிடும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறினதுக்கு அப்புறம் ஓடு, ஷீட், கீற்று, காங்கிரீட்னு எங்க சொந்தபந்தங்கள் வீட்டுக் கூரை எல்லாத்தையும் சரிபண்ணிப் பார்த்தாச்சு. அதில் காசையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தின சின்னச் சின்ன வழிகளை இங்கே எழுதியிருக்கேன். உங்க வீட்டுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்குங்க, தோழிகளே.

1. சொட்டுற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும்னு நினைச்சு அங்கேயே சிமெண்ட்டை அப்பாதீங்க. தளத்துக்குள்ளே புகுந்த தண்ணீர் சரிவைப் பிடிச்சு ஓடி, எங்கே இடுக்கு கிடைக்குதோ அங்கே இறங்கும். எங்க கூடத்தில் ஃபேன் கொக்கி பக்கத்தில் சொட்டினதுக்கு மூணு வருஷம் அதுக்கு நேர் மேலேயே பூசிக்கிட்டு இருந்தோம். கடைசியில் பார்த்தா எட்டடி தள்ளி, துணி காயப்போடுற கொடிக்கம்பத்தோட அடியைச் சுற்றி ஒரு நூல் இடுக்கு. கம்பத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கொத்தி அடைச்சதும் ஒழுகல் நின்னுடுச்சு.

2. மழை பெய்யும்போதே சொட்டுற இடத்தைச் சுற்றிக் கரிக்கட்டையால் ஒரு வட்டம் போட்டு வெச்சிருங்க. காய்ஞ்சதுக்கு அப்புறம் தேடினா கறை மட்டும்தான் தெரியும், அது போன வருஷத்துக் கறையாகவும் இருக்கலாம்.

3. கீழே குறிச்ச இடத்தை மாடியில் கண்டுபிடிக்க, இரண்டு சுவரிலிருந்து டேப் வெச்சு அளந்து எழுதிக்குங்க. மேலே அளக்கும்போது சுவரோட கனத்தையும் சேர்த்துக்கணும், 9 அங்குலச் சுவர்னா 9 அங்குலம். இதை மறந்துட்டுத்தான் நிறையப் பேர் முக்கால் அடி தள்ளிக் கொத்திடுறாங்க.

4. எப்போ சொட்டுதுன்னு கவனிச்சாலே பாதி நோய் தெரிஞ்சிடும். மழை பிடிச்ச உடனே சொட்டினா மேலே திறந்த வெடிப்பு இருக்கு. மழை விட்டு மறுநாளும் கசிஞ்சா தட்டோட்டுக்கு அடியில் தண்ணீர் தங்கியிருக்கு. வெயில் நாளிலும் ஈரம் இருந்தா கூரையைத் திட்டாதீங்க, தண்ணீர்த் தொட்டியையும் குளியலறைக் குழாயையும் பாருங்க.

5. எந்த வெடிப்பு வழியா இறங்குதுன்னு சந்தேகமா இருந்தா, மாடியில் அந்த இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டி ஒரு குடம் தண்ணீர் விட்டு, துணிக்குப் போடுற சொட்டு நீலத்தைத் தாராளமா கலந்து விடுங்க. கீழே நீலமா இறங்கினா வழி அதுதான். ஒரு நாளைக்கு ஒரு இடம் மட்டும் சோதிச்சாத்தான் குழப்பம் வராது.

6. மாடி முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்க்கணும்னா வடிகால் வாயைப் பழைய துணிப் பந்தால் அடைச்சு, ஒரு அங்குலம் மட்டும் நிரப்பி 24 மணி நேரம் விடுங்க. நூறு சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்னாலே சுமார் 236 கிலோ எடை. ஏற்கெனவே பூச்சு பெயர்ந்து கம்பி தெரியுற பழைய தளத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

7. மாடியில் எங்கே பள்ளம்னு பார்க்க மட்டக்கோல் தேடி அலைய வேண்டாம். ஒரு நல்ல மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு மேலே போய், தண்ணீர் மிச்சம் நிற்கிற குட்டைகளைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுடுங்க. கொத்தனார் வந்ததும் அந்தக் கோட்டுக்குள்ளே மட்டும் மட்டம் தூக்கினா போதும். பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம் இருந்தா தண்ணீர் தானா ஓடிடும்.

8. வடிகால் வாயில் தட்டையான வலை போட்டா, ஒரே ஒரு பாதாம் இலை வந்து படுத்து மூடிடும். அதுக்குப் பதிலா உடைஞ்ச பிளாஸ்டிக் வெங்காயக் கூடையைக் கவிழ்த்து, விளிம்பைக் கம்பியால் கட்டி வைங்க. குப்பை சுற்றிலும் சேரும், தண்ணீர் மேல் துளைகள் வழியா இறங்கிக்கிட்டே இருக்கும்.

9. கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து இரண்டு அங்குலம் உயரத்தில் இன்னொரு துளை போட்டு ஒரு சாண் குழாயை வெளியே நீட்டி விடுங்க. புயல் ராத்திரியில் கீழ் வடிகால் அடைச்சுக்கிட்டா மாடி குளமாகாம இது காப்பாத்தும். அந்தக் குழாயில் தண்ணீர் கொட்டுற சத்தம் கேட்டாலே கீழ்க்குழாய் அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்.

10. கைப்பிடிச் சுவர் வெடிப்பில் முளைக்கிற அரசங்கன்றை இரண்டு இலை விடும்போதே, மழை பெய்து சுவர் ஊறியிருக்கிற நேரம் பார்த்து வேரோட உருவிடுங்க. வளர்ந்துட்டா சுற்றிக் கொத்தித்தான் எடுக்கணும், வெட்டி விட்டா திரும்பத் தழைக்கும். வேர் சாகட்டும்னு உப்பைக் கொட்டுறவங்க இருக்காங்க. செடி சாகுறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிச்சிடும்.

11. காங்கிரீட் வீட்டில் முதல்ல பார்க்க வேண்டிய இடம், கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை. அந்த மூலையைச் சதுரமா விடாம உள்வளைவா உருட்டிப் பூசச் சொல்லுங்க. கலவை இறுகுறதுக்குள்ளே ஒரு கண்ணாடி பாட்டிலைப் படுக்க வெச்சு மூலை நெடுக இழுத்துக்கிட்டே போனா வளைவு ஒரே சீரா வந்திடும்.

12. வெடிப்பு மேலே சிமெண்ட்டைத் தடவி மூடினா நாலு வெயிலில் பொருக்குத் தட்டிக் கிளம்பிடும். உளியால் அரை அங்குல ஆழத்துக்கு வாயைத் திறந்து, கம்பி பிரஷ்ஷால் தேய்ச்சு, சைக்கிள் பம்பால் தூசியை ஊதிட்டு, ஈரம் காட்டி அடைங்க. கலவையில் வாட்டர்புரூஃப் லேடெக்ஸ் கொஞ்சம் சேர்த்தா பிடிப்பு நல்லா இருக்கும்.

13. மயிரிழை வெடிப்புகளுக்குக் கொத்தனாரே தேவையில்லை. பழைய வேட்டித் துணியில் சலிச்ச சிமெண்ட்டை லேடெக்ஸ் கலந்த தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் கரைச்சு, பெயின்ட் பிரஷ்ஷால் இரண்டு கை அடிங்க. முதல் கை காய்ஞ்ச பிறகு இரண்டாவதைக் குறுக்கு வாக்கில் அடிக்கணும்.

14. எத்தனை தடவை அடைச்சாலும் அதே இடத்தில் வெடிக்குதா? உடைஞ்ச போட்டோ ஃப்ரேம் கண்ணாடியிலிருந்து ஒரு மெல்லிய துண்டை எடுத்து வெடிப்புக்குக் குறுக்கே வெச்சு, இரண்டு முனையையும் எம்சீலால் ஒட்டிடுங்க. இரண்டு மூணு மாசத்தில் கண்ணாடி விரிஞ்சா அந்த வெடிப்பு அசைஞ்சுக்கிட்டு இருக்கு, அதில் சிமெண்ட் நிற்காது; ரப்பர் மாதிரி இழுபடுற சீலன்ட்தான் போடணும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்துபோற வெடிப்பா இருந்தா என்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க.

15. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு இது அனுபவம். வீட்டு போர் தண்ணீர் கரிச்சதுன்னா அதில் சிமெண்ட் குழைக்கவே கூடாது, கடற்கரை மணலைத் தொடவே கூடாது. உப்பு உள்ளே போய்க் கம்பியைத் துருவாக்கி, துரு பெருத்து, கூரைப் பூச்சை உள்ளிருந்தே தள்ளி விட்டுடும். சின்ன ஒட்டு வேலைக்குக் குடிக்கிற தண்ணீர் இரண்டு குடம் செலவானாலும் நஷ்டம் இல்லை.

16. ஒட்டு வேலைக்கு 50 கிலோ மூட்டை வாங்காதீங்க, ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். மிச்சம் வைக்கிற சிமெண்ட் நம்ம கடலோரக் காற்றுக்கு ரெண்டே மழையில் கட்டி தட்டிடும். கையில் எடுத்து நசுக்கும்போது குறுணை தட்டுப்பட்டா அது கூரைக்கு ஆகாது, கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு மேடை போட வெச்சுக்குங்க.

17. தண்ணீர் விட்ட கலவையை அரை மணி நேரத்துக்குள்ளே தீர்த்துடணும். இறுகினதை மறுபடி தண்ணீர் தெளிச்சுக் குழைச்சா பலம் போயிடும். ஒரு சட்டி தீர்ந்த பிறகு அடுத்த சட்டி குழைங்க.

18. பூசின ஒட்டுக்கு ஏழு நாள் ஈரம் வேணும். வேளைக்கு ஒரு தடவை மாடி ஏறி இறங்கிக் கால் நோகாம, பழைய சாக்கை நனைச்சுப் போட்டு மேலே ஒரு கை வைக்கோலைப் பரப்பி விட்டா காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை தண்ணீர் ஊத்தினா போதும்.

19. தட்டோடு பதிச்ச மாடி ஒழுகினா மொத்தத்தையும் பேர்க்கச் சொல்ற மேஸ்திரியிடம் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுங்க. ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு ஓடாத் தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு கேட்டா ஓடு நல்லா இருக்கு, பொத்துன்னு கேட்டா அடியில் பிடிப்பு விட்டிருக்கு. பொத்துன்னு கேட்டதை மட்டும் மாற்றிட்டு, மற்ற இடத்தில் இணைப்புக் கோடுகளைச் சுரண்டி மறுபடி பாயின்ட்டிங் பண்ணினா போதும். பக்கத்துத் தெருவில் எங்க சின்னம்மா வீட்டு மாடியில் ஐந்நூறு ஓட்டுக்கு மேலே இருக்கு, பொத்துன்னு கேட்டது இருபத்தி மூணுதான்.

20. மர உத்திரம் போட்டு, செங்கல்லை நிறுத்தி அடுக்கின பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு உங்களுடையதுன்னா, அதில் சிமெண்ட் ஒட்டுப் போடாதீங்க. சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கு விரிஞ்சு சுருங்கும், சிமெண்ட் அதோட சேர்ந்து அசையாது, ஓரத்தில் வாய் பிளந்துக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைச்சுப் பூசத் தெரிஞ்ச வயசான கொத்தனார் இன்னும் ஊருக்கு ஒருத்தராவது இருப்பார், விசாரிச்சுக் கூட்டிக்கிட்டு வாங்க. அப்படியே உத்திரத்தைச் சுத்தியலால் தட்டிக் கரையான் இருக்கான்னும் பார்த்துடுங்க.

21. வாட்டர்புரூஃப் கோட்டிங் அடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை மாடியில் விரிச்சு நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுடுங்க. அடியில் முத்து முத்தா நீர் கோர்த்திருந்தா தளம் இன்னும் காயலை. ஈரத்து மேலே அடிச்ச கோட்டிங் அப்பளம் மாதிரி உப்பி வரும், காசு மொத்தமும் வீண்.

22. கோட்டிங்கை வெயில் தாழ்ந்த பிறகு, மூலையில் ஆரம்பிச்சுப் படிக்கட்டில் முடிக்கிற மாதிரி அடிங்க. முதல் கை கிழக்கு மேற்கா போனா இரண்டாவது வடக்கு தெற்கா போகணும். மூலைகளிலும் அடைச்ச வெடிப்புகள் மேலேயும் இரண்டு கைக்கும் நடுவில் ஃபைபர் வலையை வெச்சு அமுக்கினா அந்த இடம் சீக்கிரம் கிழியாது.

23. மாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சா வீடு குளிரும், சந்தேகமே இல்லை. ஆனா ஒழுகல் நிற்காது. அதை நம்பி மழைக்காலத்துக்குப் போகாதீங்க.

24. ஓட்டு வீட்டில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல வழி இல்லை. உச்சி வெயிலில் கதவு ஜன்னலைச் சாத்தி, உள்ளே இருட்டாக்கி மேலே பாருங்க. வெளிச்சம் புள்ளியா தெரியுற ஒவ்வொரு இடத்திலும் விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒண்ணைக் கீழிருந்து செருகி விடுங்க. ஓடு மாற்ற ஏறினவர் கண்ணுக்குக் குச்சிகள் நிமிர்ந்து நிற்கிறது பளிச்சுன்னு தெரியும். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் மாமா"ன்னு கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்த வேண்டாம், அவரும் ஓட்டு மேலே தேவையில்லாம நடக்க வேண்டாம்.

25. மங்களூர் ஓடு ஒண்ணு இரண்டு உடைஞ்சதுக்குக் கூரை மேலே ஏறணும்னே இல்லை. ஏணியை வீட்டுக்குள்ளே போட்டு, மேல் வரிசை ஓட்டைக் கையால் லேசா தூக்கிப் பிடிச்சா உடைஞ்சதை உருவிப் புதுசைச் செருகிடலாம். முகட்டுக்குப் பக்கத்து வரிசைக்கு மட்டும் இது சரிப்படாது.

26. பழைய வீட்டை இடிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டா ஒரு இருபது ஓடு வாங்கிக் கொல்லைச் சுவரில் நிறுத்தி சாத்தி வெச்சிருங்க. வாங்குறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு ஓடு ஒண்ணைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்க. கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும், அந்தக் கொஞ்சத்தில்தான் தண்ணீர் புகும்.

27. மாற்று ஓடு கைவசம் இல்லாத ராத்திரிக்கு, காலி எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்தின தகரம் போதும். விரிசல் விட்ட ஓட்டுக்கு அடியில், மேல் முனை மேல் வரிசைக்குள்ளே ஒரு சாண் போகிற மாதிரி செருகுங்க. தகரம் கையைக் கிழிக்கும், பழைய துணியைச் சுற்றிப் பிடிச்சுக்குங்க.

28. காற்று முதல்ல தூக்குறது கூரையோட ஓரங்களையும் முகட்டையும்தான், நடுவை இல்லை. அதனால எல்லா ஓட்டையும் கட்ட வசதி இல்லைன்னா, தாழ்வாரத்துப் பக்கம் கடைசி இரண்டு வரிசையையும் இரண்டு பக்க ஓரத்தையும் மட்டுமாவது ரீப்பரோட சேர்த்து ஜி.ஐ. கம்பியால் கட்டிடுங்க, மங்களூர் ஓட்டின் அடிப்பக்கத்தில் அதுக்குன்னே துளை இருக்கும். முகட்டு ஓட்டின் இணைப்பில் கலவை வெடிச்சிருந்தா மழைக்கு முன்னாடி பூசி முடிச்சிடுங்க.

29. நாட்டு ஓட்டுக் கூரையைப் பிரிச்சு மாற்றுற வேலையை வைகாசி, ஆனியிலேயே வெச்சுக்குங்க. பூனையும் எலியும் நகர்த்தின ஓடுகள்தான் பாதி ஒழுகலுக்குக் காரணம், உடைஞ்சது கொஞ்சமாத்தான் இருக்கும்.

30. சிமெண்ட் ஷீட் மேலே ஏறவே கூடாது. ஏறித்தான் ஆகணும்னா நட்டு போல்ட் வரிசை போகிற இடத்துக்கு அடியில்தான் சட்டம் இருக்கு, அந்த வரிசை மேலே ஒரு நீளப் பலகையைப் போட்டு அதில் மட்டும் தவழ்ந்து போங்க. பழைய ஷீட் பார்க்கிறதுக்குத் திடமா இருக்கும், நடுவில் மிதிச்சா சத்தம் கேட்கிறதுக்குள்ளே ஆள் கீழே இருப்பார்.

31. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ரம்பத்தால் அறுக்கிறது, காய்ஞ்ச பிரஷ்ஷால் தேய்க்கிறது இரண்டும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள்ளே போனா பல வருஷம் கழிச்சுக்கூட நோயாகும். உடைஞ்ச துண்டுகளைத் தண்ணீர் தெளிச்சு நனைச்சு, சாக்கில் கட்டி எடுங்க. பிள்ளைங்களை அந்தப் பக்கமே விடாதீங்க.

32. ஷீட் வீட்டு ஒழுகல்ல பெரும்பாலானது போல்ட் துளை வழியாத்தான். பழைய சைக்கிள் டியூபை ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமா வெட்டி, நடுவில் சின்னத் துளை போட்டு, வாஷருக்கு அடியில் இரண்டு அடுக்கா வைங்க. நட்டை ரப்பர் லேசா பிதுங்குற வரைக்கும் முறுக்கினா போதும், அதுக்கு மேலே போனா ஷீட் விரிசல் விடும். புதுசா துளை போடுறதா இருந்தா ஷீட்டோட மேட்டில்தான் போடணும், தண்ணீர் ஓடுற பள்ளத்தில் போடவே கூடாது.

33. சிமெண்ட் ஷீட்டில் நீள விரிசலா? ஈரத் துணியால் துடைச்சுக் காயவெச்சு, விரிசலுக்கு இரண்டு பக்கமும் மூணு அங்குலம் தாண்டுற மாதிரி பருத்தித் துணியைச் சிமெண்ட் பாலில் தோய்ச்சு ஒட்டி, மேலே இன்னொரு கை அடிங்க. ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த கோடையில் ஷீட்டையே மாற்றிடுங்க.

34. தகர ஷீட்டில் ஊசித்துளைகள் விழுந்தா, துருவைச் சுரண்டித் துடைச்சு பியூட்டைல் டேப்பை ஒட்டி, பழைய சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டுங்க. வெயிலில் ஷீட் சூடா இருக்கிறப்போ ஒட்டினா பிடிப்பு இன்னும் நல்லா இருக்கும். கடலோரத்தில் ரெட் ஆக்ஸைடு அடிக்காத தகரம் உப்புக் காற்றில் வேகமா அரிச்சுப் போகுது, புதுசிலேயே அடிச்சிடுறது லாபம்.

35. புது ஷீட் போடும்போது ஒண்ணு மேலே ஒண்ணு ஏறுற பக்கவாட்டு வாய், மழைக் காற்றைப் பார்க்காம இருக்கணும். நமக்கு வடகிழக்கிலிருந்து அடிக்கிற மழைதான் பெருசு, அதனால காற்றுக்கு மறுபக்க ஓரத்தில் முதல் ஷீட்டைப் போட்டு வடகிழக்கு நோக்கி வரச் சொல்லுங்க. நீளவாட்டில் ஒண்ணு மேலே ஒண்ணு அரை அடிக்குக் குறையாம ஏறட்டும்.

36. கீற்றுக் கூரைக்குப் பழைய மீன் வலையைப் போல ஒரு காவல் கிடையாது. மீனவர் தெருவில் கேட்டா கழிச்சுப் போட்ட வலை கிடைக்கும். முகட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் தொங்குற மாதிரி போட்டு, ஓரத்தைத் தரையில் அடிச்ச முளையில் இழுத்துக் கட்டிடுங்க. காற்று வலைக் கண் வழியா போயிடும், கீற்று பறக்காது, காக்காயும் பிய்க்காது.

37. தார்ப்பாயோ பழைய ஃப்ளெக்ஸ் பேனரோ எதைக் கட்டினாலும் மூலையில் இருக்கிற துளைதான் முதல்ல கிழியும். துளையை நம்பாம, மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி எலுமிச்சை அளவு கூழாங்கல்லை அடியில் வெச்சு, துணியோட சேர்த்துக் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்குங்க. கயிறு எவ்வளவு இழுத்தாலும் கல் நழுவாது, துணியும் கிழியாது.

38. தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபக்கம் இரண்டு முழமாவது இறங்கணும், இல்லைன்னா மேல் விளிம்பு வழியா தண்ணீர் அடியில் புகுந்துடும். பறக்காம இருக்கச் செங்கல் வைக்கிற பழக்கத்தை விட்டுடுங்க, புயலில் அந்தச் செங்கல் யார் தலையில் விழும்னு சொல்ல முடியாது. அரைச் சாக்கு மணலைக் கட்டி இரண்டிரண்டாக் கயிற்றில் இணைச்சு, முகட்டுக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்டா அசையாது.

39. கயிற்றை வடக்குப் பக்கம் மட்டும் இறுக்கிக் கட்டிட்டு நிம்மதியா படுத்துடாதீங்க. புயல் மேற்கு நோக்கி வரும்போது அதன் பாதையில் இருக்கிற ஊருக்கு முதல் பாதிக் காற்று வடக்கிலிருந்து வரும். கண் கடக்கிற கொஞ்ச நேரம் இலைகூட அசையாது. அப்புறம் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். கஜா ராத்திரியில் காற்று ஓய்ஞ்சதும் விட்டுடுச்சுன்னு நினைச்சு வெளியே வரப்போன எங்க மாமனாரை மாமியார் கையைப் பிடிச்சு உள்ளே இழுத்துட்டாங்க. கொஞ்ச நேரத்தில் வடக்குக் காற்றுக்குத் தாங்கின மாட்டுக்கொட்டகைத் தார்ப்பாய் தெற்குக் காற்றில் ஒரே இழுப்பில் போயிடுச்சு. நாலு பக்கமும் ஒரே பலமா கட்டுங்க, காற்று நின்னாலும் அறிவிப்பு வர்ற வரைக்கும் வெளியே போகாதீங்க.

40. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிட்டாங்கன்னு செய்தியில் கேட்டதுமே மாடியைக் காலி பண்ணுங்க. பூந்தொட்டி, உடைஞ்ச நாற்காலி, பழைய டிஷ், மிச்சத் தகரம் எல்லாம் காற்றில் கல்லாயிடும், அடுத்த வீட்டு ஓட்டையும் உடைக்கும். பிளாஸ்டிக் தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பிடுங்க. காலித் தொட்டி பறக்கும், நிறைஞ்ச தொட்டி நகராது, கரண்ட் இல்லாத நாலு நாளைக்குத் தண்ணீரும் ஆச்சு.

41. கூரை மேலே சாயுற முருங்கைக் கிளையைப் புரட்டாசியிலேயே கழிச்சு விட்டுடுங்க. தென்னையில் காய்ஞ்ச மட்டையையும் முற்றின குலையையும் இறக்கினா மரத்துக்கும் பாரம் குறையும், ஓட்டுக்கும் ஆபத்து குறையும்.

42. புயல் காற்றில் ஜன்னலைத் திறந்து வெச்சா வீடு தாங்கும்னு சொல்றதைக் கேட்காதீங்க. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளிக்காற்று மேலே இழுக்கும், இரண்டும் சேர்ந்துதான் ஷீட்டைப் பிடுங்குது. எல்லாக் கதவையும் தாழ் போட்டு, ஆடுற கதவுக்குப் பின்னாடி அம்மிக்கல்லை நகர்த்தி வைங்க.

43. ஃபேன், லைட், சுவிட்ச் போர்டு பக்கம் தண்ணீர் இறங்கினா முதல் வேலை மெயினை அணைக்கிறது. வாளி வைக்கிறதெல்லாம் அப்புறம். ஈரக் கையால் சுவிட்ச்சைத் தொடாதீங்க, முழுசா காய்ஞ்சு எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போடுங்க.

44. ராத்திரி முழுக்க டொக் டொக்னு சொட்டித் தூக்கத்தைக் கெடுக்குதா? சொட்டுற இடத்தில் ஒரு பருத்தி நூல்கயிற்றை ஒட்டி அதன் நுனியை வாளிக்குள்ளே விட்டுடுங்க. தண்ணீர் கயிற்றைப் பிடிச்சு சத்தமில்லாம இறங்கும், தெறிச்சுப் பாயும் நனையாது.

45. ஜிப்சம் சீலிங் தண்ணீர் கோர்த்து வயிறு மாதிரி தொங்கினா, மெயினை அணைச்சுட்டு, அடியில் பெரிய அண்டாவை வெச்சு, ஒதுங்கி நின்னு நீளக் கம்பால் நடுவில் ஒரு துளை போடுங்க. தண்ணீர் வடிஞ்சிட்டா ஒரு பலகை மாற்றினா போதும். விட்டா மொத்த சீலிங்கும் இறங்கும்.

46. மழை விட்ட உடனே யாரையும் கூரை ஏற விடாதீங்க, பாசி காயணும். ஏணி நாலு அடி உயரம் போனா அடி முனை சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்கணும், மேல் முனையைக் கயிற்றால் கட்டணும், கீழே ஒருத்தர் பிடிச்சே நிற்கணும். ஓடு இன்னைக்கு இல்லைன்னா நாளைக்குப் போட்டுக்கலாம்.

47. புயலில் கூரை போயிருந்தா, கூட்டி அள்ளுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துடுங்க, வீட்டு எண் ஒரு படத்திலாவது தெரியணும். சேதக் கணக்கு எடுக்க கிராம நிர்வாக அலுவலர் வரும்போது காட்ட அதுதான் கையில் இருக்கும். ஆபத்தான நேரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. கதவுக்குப் பின்னாடி பெருசா எழுதி ஒட்டிடுங்க.

48. புயலுக்கு அடுத்த வாரம் கூலியும் ஓட்டு விலையும் உச்சத்தில் இருக்கும், ஆளும் அவசரத்தில் இருப்பாங்க. தார்ப்பாயை நல்லா கட்டிச் சமாளிச்சுட்டு, பெரிய வேலையை மாசி, பங்குனியில் வெச்சுக்குங்க. 2011-இல் 'தானே' புயல் டிசம்பர் 30-லதான் கடலூரைத் தாக்குச்சு, அதனால தை பிறக்கிற வரைக்கும் தார்ப்பாயை அவிழ்க்காதீங்க.

49. கான்ட்ராக்ட் பேசும்போதே, கடைசிப் பணம் மாடியில் தண்ணீர் கட்டி ஒரு நாள் பார்த்த பிறகுதான்னு சொல்லிடுங்க. எங்க வீட்டில் ஒருத்தர் முழுப்பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டு, ஈரத் தளத்திலேயே கோட்டிங் அடிச்சுட்டுப் போயிட்டார். அந்த வருஷமே உரிஞ்சுது. நல்ல வேலைக்காரர் இந்த நிபந்தனைக்கு முகம் சுளிக்கிறதில்லை.

50. கூரை சரியாயிடுச்சுன்னா அதிலிருந்து வர்ற தண்ணீரை விடாதீங்க. ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தா ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேலே சேரும். முதல் மழை அழுக்கைக் கழுவிட்டுப் போகட்டும். அடுத்த மழையில் குழாயடியில் இரண்டு டிரம்மை வெச்சுப் பிடிச்சு, கொசு புகாம வாயில் வேட்டியை இறுக்கிக் கட்டிடுங்க. உப்புத் தண்ணீர் ஊர்க்காரங்களுக்குப் பங்குனியில் சிமெண்ட் குழைக்க அந்த டிரம் தண்ணீர் இருக்கு.